முதல் தேதியிலேயே போட்ட டிக்

ஜூன் 3, செவ்வாய்

மாடிப்படி பதினெட்டு. இன்று மூன்று இடத்தில் நின்று ஏறினேன். யாராவது பார்த்தால் செல்போனில் ஏதோ படிப்பதுபோல் நிற்பது வழக்கம். இன்று போனை எடுத்துப் போக மறந்துவிட்டேன். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இழப்பீட்டு மனுவுக்குக் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. இருபத்தொரு வருடம் ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசையும் பகுதியில் இருந்தேன், இப்போது மருத்துவ விடுப்பு. கடைசி ஏழு வருடம் அதற்கு சூப்பர்வைசர். ஆனால் என் இளைப்புக்குக் காரணம் மாவுத்தூசி இல்லையாம், வீட்டுப் பூனையாம். "வீட்ல பூனை, நாய் ஏதும் உண்டா?" என்று கம்பெனி டாக்டர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் வாயெல்லாம் பல்லாக அதன் சேட்டைகளைச் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம்.

ஜூன் 5

பூனையை மச்சினி வீட்டில் விட்டாகிவிட்டது. மகள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 14

பூனை போய் ஒன்பது நாள். இளைப்பு போகவில்லை.

ஜூன் 19

விசாரணை. கம்பெனி வக்கீல் மேசைமேல் மூன்று ரிஜிஸ்டர்களை வைத்தார். பார்த்ததுமே தெரிந்தது. என்னுடையவை.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுச்சுன்னு தினமும் டிக் போட்டிருக்கீங்க?"

"ஆமா."

மாவுத்தூசியை வெளியே இழுக்கும் அந்த எக்ஸாஸ்ட் நின்று மூன்று வருடம் ஆகிறது. மூட்டையைக் கவிழ்த்தால் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. ஆனால் டிக் இருக்கிறது. மாவுக் கையால் தொட்டால் ரிஜிஸ்டர் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மாதம் பிறந்ததும், முதல் தேதி காலையில், கை சுத்தமாக இருக்கும்போதே முப்பது நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். அப்போது எக்ஸாஸ்ட் ஓடியது. அது நின்ற பிறகும் என் கை நிற்கவில்லை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார் வெளியே வந்ததும் என் வக்கீலம்மா.

ஜூன் 20

இன்ஹேலர் ஆறு தடவை. எழுத முடியவில்லை.

ஜூன் 24

சல்லடை வந்தான். மாவு சலிப்பவன். அவனிடம் எந்த ரகசியமும் தங்காது என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருத்தம்.

"அண்ணே, மார்ச்ல பதினோரு நாள் ஆக்ஸிஜன் வச்சு ஆஸ்பத்திரில கெடந்தீங்கல்ல? அந்தப் பதினோரு நாளுக்கும் யாருண்ணே டிக் போட்டது?"

நான்தான். முதல் தேதியே போட்டுவிட்டேனே! சிரித்தோம். எனக்கு அது இருமலாக மாறி, அவன் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டை ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், அத்தனையும் பொய் என்று தெரிந்துவிடும்.

ஜூன் 25

வக்கீலம்மா: "இது போதும், கேஸ் நிக்கும். ஆனா பொய் எழுதுனவர் நீங்கன்னும் ஆயிடும். வேலையும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

மனைவி: "வேலைக்குப் போற நெலமையிலயா இருக்கீங்க? சொல்லிடுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க இருக்கிறது. அவளுக்குத் தெரியாது. இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

ஜூன் 26

எழுதித்தான் ஆகவேண்டும்.

கூட்டும் அக்கா. எங்கள் பகுதியில் மாவு கூட்டியவள். எனக்கு முன்னாலேயே அவளுக்கு இளைப்பு வந்தது. போன வருடம் மனுப் போட்டாள். எக்ஸாஸ்ட் ஒழுங்காக ஓடியதற்குப் பதிவு இருக்கிறது என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். யாருடைய பதிவு? மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, "ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்றார். எதற்கென்று தெரிந்துதான் போட்டேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

வேலையை விட்டுப் போகிற அன்று கேட்டில் என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன் தம்பி, ஒடம்பப் பாத்துக்க" என்றாள். ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம்ல? அவளுக்கு என்ன தெரியும், பாவம். தெரிஞ்சவன் நான்ல வாயத் தொறந்திருக்கணும்? தன்வினை தன்னைச் சுடும்னு சொல்லுவாங்க. என் வினை அவளையில்ல மொதல்ல சுட்டுச்சு?

ஜூன் 27

மனைவியிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தக்காவுக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 8

சொன்னேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை, உட்காரச் சொன்னார்கள்.

"ஓடலை சார். மூணு வருஷமா ஓடலை. அந்த டிக் எல்லாம் பொய். போன வருஷம் அந்தக்கா கேஸ்ல குடுத்ததும் பொய். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

கம்பெனி வக்கீல், "அன்னைக்குச் சொன்னது பொய்யி, இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மையா?" என்றார்.

"அன்னைக்கு எனக்கு மூச்சு இருந்துச்சு சார்" என்றேன். விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், பிறகு எழுதத் தொடங்கினார்.

ஜூலை 11

வேலைநீக்கக் கடிதம். பொய்ப் பதிவு எழுதியதற்காக. எக்ஸாஸ்ட் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகஸ்ட் 30

தீர்ப்பு. நோய் வேலையால் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பொய் எழுதியவன் என்பதால் இழப்பீட்டில் பாதிதான். மனைவி அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்கவில்லை, எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 16

தபாலில் ஒரு மனுவின் நகல். கூட்டும் அக்காவின் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்மனுதாரர்களில் முதல் பெயர் மேனேஜருடையது. இரண்டாவது என்னுடையது.

"உங்க பேரையும் சேர்த்திருக்காங்களே!" என்றாள் மனைவி.

"இருக்கத்தான வேணும்."

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்று பதில் போட்டு என் பெயரை எடுத்துவிடலாம் என்றார். அக்கா எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். இரண்டு பக்கம். ஒரு வார்த்தைகூட மிகையில்லை. எல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னேன்.