அண்ணாந்து குடித்த தண்ணீர்

மதினி,

இன்று காலை போடிமெட்டு ஏறும் ஜீப்பில், எதிரே இருந்த, தோட்ட வேலைக்குப் புதிதாக வந்த பெண் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். என் கண் நேரே அவள் தொண்டைக்குப் போனது. "என்னக்கா, குடிக்கிற தண்ணியில கண்ணு வைக்கிறீங்க?" என்றாள். ஜீப்பே சிரித்தது.

இதே வார்த்தையை நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்துத் தையல் ஆறி நீங்கள் மறுபடி ஏலத்தோட்டத்துக்கு வந்த சமயம் அது. அதற்கு முன்பு, கழுத்தில் வந்த கழலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அண்ணனிடம்கூட 'சும்மா வீக்கம்' என்றே வெகுநாள் ஓட்டிவிட்டீர்கள். அறுத்து எடுத்தபோதுதான் புற்று என்று தெரிந்தது; அதற்குள் அது நுரையீரலுக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகு யார் தண்ணீர் குடித்தாலும் கண்கொட்டாமல் பார்ப்பீர்கள். அன்று என்னிடம், "ஏத்தா, இன்னொருக்கா அண்ணாந்து குடி. முழுங்குறப்ப என்னமோ ஏறி எறங்குது" என்றீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்களா விடுவீர்கள்? தேனிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

டாக்டர் முதலில் கேட்டது நம் சோலியைத்தான். நீலத் துருசு என்கிற செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் டிரம்மில் கலக்கி ஏலச்செடிக்கு மருந்தாக அடிப்போம் என்றேன். பதம் பார்க்க இரும்புக் கத்தியை முக்குவோம், செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம், பிறகு அதே கத்தியைத் துடைத்துவிட்டு மத்தியானம் மாங்காய் நறுக்குவோம் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மருந்துலயும் உரத்துலயும் இருக்கிற கன உலோகம் உடம்புல சேந்தா, தைராய்டு புற்றுக்கும் வழி விடலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கத்திய மாத்துங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும், "அந்த மாங்காயத்தான் எம்புட்டு ருசியாத் தின்னோம்" என்று சிரித்தீர்கள்.

என்னுடையதும் புற்றுதான். ஆனால் சுண்டைக்காய் அளவிலேயே பிடித்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் கண்மூடிய பின் ஒவ்வொரு சோதனைக்கும் தனியாகத்தான் போய்வருகிறேன். போன வாரம் டாக்டர், "ஒண்ணுமில்ல, இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்" என்றார். பஸ்சில் உட்கார்ந்து அழுதேன் மதினி, அத்தனையும் நிம்மதி. உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை.

தோட்டத்தில் இப்போது மருந்துக்குத் தனிக் கத்தி. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறேன். கையுறை போடாமல் யாரையும் டிரம் பக்கம் விடுவதில்லை. உங்கள் பார்வையும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "ஆமாடி, கண்ணுதான் வைக்கிறேன். இன்னொருக்கா அண்ணாந்து குடி."

குடித்தாள். தொண்டையில் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது.