மச்சான், நீ பாதியில் நிறுத்திய அமெரிக்கக் கதை

ஆசை மச்சானுக்கு,

உன் மண்டையை உடைத்தவன் போன வெள்ளிக்கிழமை நம் கையில் கிடைத்தான்.

நலம் விசாரித்துவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம்தான். செத்துப்போனவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி பிசகவில்லை. என் உடம்பைப் பற்றிக் கேட்கிறாயா? முன்பல் இரண்டு போய்விட்டது. காதுக்கு மேலே தையல். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. என்னை அடித்தது ஆலைக்காரன் இல்லை. நம் சங்கத்தில் கரும்பு வெட்டுகிற பூங்காவனத்தக்கா. நீ சொல்லிக் கொடுத்த வரலாறு என் முதுகில் எழுதப்பட்டிருக்கிறது மச்சான்.

இது பத்திரிகையில் வரப்போகிறது. அதனால் உன்னைத் தெரியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் தங்கை கஸ்தூரியின் புருஷன் நீ. கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். தலை நரைக்கிற வரைக்கும் விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள், ஒரு தடவையாவது இலை போட்டார்களா? திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்தத்தில் நடந்த அத்தனை கல்யாணக் கூட்டத்தில், தாலியோடு போய் வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தவன் நீ. நான்தான் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்தப் பெண் இப்போது நெல்லிக்குப்பத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். விசாரித்தேன்.

எங்கள் ஊர்க் கரும்பு போகிற ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். போன வருஷம் அதன் வாசலில் நீ மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து வேனில் இறக்கிய ஆட்களில் ஒருவன் இரும்புக் குழாயால் உன் தலையில் அடித்தான். யாரோ செல்போனில் எடுத்த படத்தில் அவன் முகம் இல்லை. ஓங்கிய கை மட்டும் இருக்கிறது. மணிக்கட்டில் தேள் ஒன்று பச்சை குத்தியிருக்கிறது. கஸ்தூரி அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்லூரியில் பிள்ளைகள் கேட்காத பாடத்தை நீ டிராக்டர் டிப்பரில் ஏறி நின்று நடத்தினாய். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய அமெரிக்கா. ரயில் கம்பெனியும் தானியக் கிடங்கு முதலாளியும் சேர்ந்துகொண்டு விவசாயியைப் பிழிந்தது. விவசாயிகள் சங்கம் கட்டியது. அந்தச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது, பெண்கள் சேராமல் ஒரு கிளையும் தொடங்க முடியாது. அதை அப்படியே திருடிக்கொண்டு வந்து நம் கரும்புச் சங்கத்தில் வைத்தாய்.

"கரும்பு வெட்டுறவளுக்கெல்லாம் நாற்காலியா சார்?" என்றார்கள் ஆம்பளைகள்.

"நாற்காலி பத்தலன்னா நீங்க கீழ உக்காருங்க" என்றாய்.

அன்றிலிருந்து அக்காமார்கள் உன்னை விடவில்லை. "அந்த ஊரு பொம்பளைங்க வேற என்னா பண்ணாங்க சார்?" சாராயக் கடை வாசலில் பனியில் மண்டிபோட்டு ஜெபம் செய்தார்கள், கடைக்காரன் தலையில் பீரை ஊற்றினான், அப்படியும் எழுந்திருக்கவில்லை என்று சொன்னாய்.

"நம்ம ஊருல ஊத்துனா எம் புருஷன் பக்கத்துல வந்து வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துருவான் சார்" என்றாள் பூங்காவனத்தக்கா. அன்றைக்குக் கூட்டம் அதோடு முடிந்தது.

உனக்குப் பிடித்தது இரும்பாலைக் கதை. ஆற்றங்கரையில் ஆலை. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி படகில் துப்பாக்கியோடு கூலி ஆட்களை இறக்குகிறான். பொழுது விடிந்ததிலிருந்து சுடுகிறார்கள், இரண்டு பக்கமும் பிணம். கடைசியில் கூலி ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். ஊர் இரண்டு வரிசையாக நிற்கிறது. நடுவில் நடக்கவிட்டு அடிக்கிறார்கள். பெண்கள்தான் ஜாஸ்தி அடித்தார்கள். அந்த இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ கேட்பாய். கைதட்டல் டிப்பரை ஆட்டும். ஒவ்வொரு முறையும் அங்கேயே நிறுத்துவாய். படிக்கிற காலத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் அமெரிக்க வரலாற்றுப் பரீட்சையை எழுதியவன் நான். கதை அங்கே முடியவில்லை என்று எனக்குத் தெரியாதா? சரி, நானும் மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கிறவன்தானே, சிரிப்பு வருகிற இடத்தில் நானும் இறங்கிவிடுவேன் என்று சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சங்கத்தில் இருப்பவன் கரும்பை மட்டும் ஆலை எடுக்கவில்லை, மெஷின் ரிப்பேராம். மற்றவன் டிராக்டர் பின்கேட் வழியாகப் போகிறது. நம் கரும்பு வாசலில் வெயிலில் கிடந்து காய்ந்து விறகாகிவிட்டது. கஸ்தூரி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்கேட்டில் குறுக்கே உட்கார்ந்தாள். கூட்டம் சோர்ந்துவிடாமல் நாலு ஜோக் சொல்ல என்னை அழைத்திருந்தாள். தொப்பை தெரியாது என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இதை ஞாபகத்தில் வை.

வேன் வந்து நின்றது. கறுப்புச் சட்டை ஆட்கள் குதித்தார்கள். ஒருவன் பூங்காவனத்தக்காவின் மருமகளை முடியைப் பிடித்துத் தார் ரோட்டில் இழுத்தான். அவள் முழங்கை தோல் ரோட்டோடு போனதைப் பார்த்தேன். ஒரு கிழவரை வயிற்றில் மிதித்தார்கள். அப்புறம் கல் பறந்தது. நான் என்ன செய்தேன் என்கிறாய்? திறந்திருந்த முதல் கதவுக்குள் பாய்ந்து சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். அது அவர்கள் வந்த வேன்.

கல்லடி தாங்காமல் அவர்களும் வேனுக்குள்தான் ஏறினார்கள். டிரைவர் ஓடிவிட்டான். ஒருவன் என் முதுகில் உட்கார்ந்து அழுதான். வெளியே கரும்புக் கத்தியால் டயரைக் கிழிக்கிற சத்தம். கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. "இறங்கிடுறோம், இறங்கிடுறோம்" என்று கத்தினார்கள். வெளியே பூங்காவனத்தக்காவின் குரல் கேட்டது.

"சாரு சொன்னாருல்ல, ரெண்டு வரிச. நில்லுங்கடி. ஆம்பளைங்க ஓரமாப் போங்க."

மச்சான், அது உன் இரும்பாலைக் கதை.

கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினோம். இரண்டு பக்கமும் பெண்கள், கையில் ஆலை எடுக்காத கரும்பு. காய்ந்த கரும்பு அடிபட்டால் உடையாது, கீறிக்கொண்டு உள்ளே போகும். முன்னால் போனவன் வாயிலிருந்து பல்லும் இரத்தமும் வழிந்தது. ஒருவன் கண் மூடிக்கொண்டது, திறக்கவே இல்லை. "அக்கா, நான் வாத்தியாரு மச்சான்" என்று கத்தினேன். "எவன்டா அது எங்க சாரு பேரச் சொல்றது" என்று அதற்கும் சேர்த்து விழுந்தது. கறுப்புச் சட்டை. பூங்காவனத்தக்கா என் முகத்தைப் பார்த்தபோது பல் ஏற்கெனவே கீழே கிடந்தது. "ஐயோ அண்ணே, நீயா" என்றாள். ஓங்கிய கையை நிறுத்த முடியவில்லை பாவம், அது எனக்குப் பின்னால் வந்தவன் மேல் இறங்கியது.

எனக்கு முன்னால் நடந்தவன் தலைமேல் வைத்திருந்த கையில் தேள் இருந்தது.

வரிசையின் கடைசியில் கஸ்தூரி நின்றாள். அவள் கையில் கரும்பு இல்லை, கத்தி. தேளைப் பார்த்தாள். அவன் முட்டிபோட்டு விழுந்தான். அடி நின்றது.

"போன வருஷம் இங்க வந்தியா?"

"தெரிலக்கா. வண்டில ஏத்துவாங்க, எறக்குவாங்க. ஊரு பேரெல்லாம் கேக்குறதில்ல."

"கண்ணாடி போட்ட ஆளு. கையில மைக்கு வச்சிருந்தாரு."

அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "நெனப்பு இல்லக்கா."

உன்னை அவனுக்கு ஞாபகமே இல்லை மச்சான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நிமிஷம் நானே அந்தக் கத்தியை வாங்கியிருப்பேன்.

"போட்டுருடி" என்றாள் யாரோ ஒருத்தி. கஸ்தூரி கத்தியை ஓங்கினாள். உடைந்த வாயோடு கத்தினேன், "வேணாம்மா, அந்தக் கதை அங்க முடியல. அப்புறம் பட்டாளம் வந்துச்சு. சங்கமே செத்துப்போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கைய வை" என்றாள் அவனிடம். ரோட்டோரத்துக் கல்லைக் காட்டினாள். அவன் வைத்தான். கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் ஒரே போடு. தேள் இருந்த இடத்தில் எலும்பு முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இந்தக் கை இன்னொரு ஊருல எறங்காது. போ" என்றாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போலீஸ் வரும் வரை ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பட்டாளம் வரவில்லை, பஸ் பஸ்ஸாகப் போலீஸ் வந்தது. வழக்கில் பாதி ஊர் இருக்கிறது. ஆலையிலிருந்து தூது வந்தது. கஸ்தூரிக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, பெண்களையும் விலக்கிவிட்டால் கேட் திறக்குமாம். ஆம்பளைகள் பாதி மனசோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிறையில் போய்க் கஸ்தூரியைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் என் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். என் தங்கச்சி மாதிரியா இருக்கிறாள், உன் பெண்டாட்டி மாதிரித்தான் இருக்கிறாள்.

"பட்டாளம் வந்தது எனக்குத் தெரியும்ணே. எங்கிட்ட மட்டும் முழுசாச் சொன்னாரு. அவுங்ககிட்ட ஏன் பாதில நிறுத்துறீங்கன்னு கேட்டேன். ஜெயிச்ச எடத்துல நிறுத்துனாதான் மறுநாளு வருவாங்கன்னாரு. அதான் நான் வரிச கடைசில போய் நின்னேன். யாரையும் சாவ விடக்கூடாதுன்னு நின்னேன். அந்தக் கையப் பாத்தப்புறம் என்னால அவ்ளோதான் முடிஞ்சுது." கம்பிவலையில் விரலை மாட்டிக்கொண்டாள். "கூட்டத்துல நீ முழுசாச் சொல்லிடுண்ணே. கேட்டதுக்கப்புறமும் வந்தா வரட்டும்."

நேற்றுக் கூட்டத்தில் சொன்னேன். உன் டிப்பரில், உன் இடத்தில் நின்று, ஒரு ஜோக்கும் இல்லாமல். பட்டாளம் வந்தது. தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் அந்த ஆலைக்குள் சங்கம் தலையெடுக்கவில்லை. கைதட்டல் இல்லை. ஆம்பளைகளில் ஒருவர் எழுந்து, "அதான் சொல்றோம், கஸ்தூரிய விட்டுட்டு நம்ம பொழப்பப் பாப்போம்" என்றார்.

பூங்காவனத்தக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "சாரு வச்ச விதி என்னா? பொம்பள இல்லாம சங்கம் கெடையாது. கஸ்தூரி இல்லன்னா நாங்க இல்ல. நாங்க இல்லன்னா நீங்க எந்தச் சங்கத்துப் பேருல போய்க் கேட்டத் தெறப்பீங்க மாமா?"

எழுந்து நின்றவர் உட்கார்ந்துவிட்டார். நீ திருடிய விதி பூட்டு மாதிரி விழுந்தது. இன்று காலை பின்கேட்டில் மறுபடியும் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தி கிடையாது, கரும்பு கிடையாது. பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதி, முழுக் கதையையும் கேட்டுவிட்டு வந்த பாதி.

கூட்டம் கலைந்தபோது பூங்காவனத்தக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். "பட்டாளம் வந்தப்ப அந்த ஊரு பொம்பளைங்க என்னா ஆனாங்கண்ணே?" எனக்குத் தெரியவில்லை மச்சான். பரீட்சையில் வராது என்று படிக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

உன் புத்தக அலமாரிச் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தேடிப் படித்து, கஸ்தூரிக்கு ஜாமீன் கிடைக்கிற அன்றைக்கு அந்த டிப்பரில் ஏறி, அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கடைசிவரை சொல்வேன். நடுவில் டீ கேட்க மாட்டேன். வெள்ளைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
உன் பாடத்தில் இரண்டு பல் இழந்த,
கஸ்தூரியின் அண்ணன், உன் மச்சான்.