எலக்ட்ரானுக்கு அரைப்பேர் கிடையாது

செவ்வாய், இரவு

இந்நேரத்தில் விளக்கெரித்து எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் இந்த டைரியைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். இன்று புரட்டியே ஆக வேண்டும்.

அரைநாள் டீச்சரான என்னை முழுநாள் வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க, தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். புரோட்டான் எலக்ட்ரானைப்போல ஆயிரத்தெண்ணூறு மடங்குக்கும் மேல் கனம், ஆனால் இரண்டின் மின்னூட்டமும் ஒரே அளவு, ஒன்று நேர், மற்றது எதிர் என்றேன்.

போன வருடம் இலங்கையிலிருந்து வந்த செல்வி எழுந்தாள். "அது எப்புடி டீச்சர்? எடை கொறஞ்சா அரைப்பேருதானே போடுவாங்க?"

அங்கே தேயிலை எஸ்டேட்டில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர். பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர்.

"இங்க தராசே கெடையாது செல்வி. எலக்ட்ரானுக்கும் முழுப்பேருதான்."

"அப்ப நியூட்ரானுக்கு?"

"அது புரோட்டானைவிடக் கொஞ்சம் கனம். ஆனா பேரே இல்ல."

"எங்க கங்காணி மாதிரி! ஆளு கனம், வேலை ஒண்ணுமில்ல."

தலைமையாசிரியையே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், "திங்கக்கெழமையிலிருந்து முழுநாள் வந்துருங்க. கொழந்தைய யாரு பாத்துக்குவாங்கன்னு நாளைக்கே சொல்லிப்போடுங்க" என்றார்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். மதியத்துக்கு மேல்? நீங்கள் தூங்க வேண்டுமே. பாப்பா பூனைக்குட்டி கனம்தான். அழுதால் உங்கள் குறட்டைக்குச் சமம்.

பார்த்துக்கொண்டால் உங்களுக்கும் முழுப்பேர் போடுகிறேன். நான் பஸ் ஏறுவதற்குள் இதன் கீழேயே பதில் எழுதிவிடுங்கள்.