ஒரகடம் பஸ்ஸில் நீ சொன்ன அமெரிக்கா

இன்று காலை கேன்டீனில் புது மிஷின் டீயை ஒரு வாய் குடித்த டிரெய்னிப் பெண்கள், வரிசையாகப் போய் அதை வாஷ்பேசினில் கொட்டினார்கள். "இன்னாங்கடி, டீக்கு வரி போட்டுட்டானா ராஜா?" என்று என் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டது. ஒருத்திக்கும் புரியவில்லை. சிரிக்க வேண்டிய ஆள் நீ ஒருத்திதான். அந்த டீ வாசனையில் நின்றபடியே, நீ இல்லை என்பது மறுபடி உறைத்தது.

ஒரகடம் ஃபேக்டரியில் நீ பேக்கிங், நான் ஹவுஸ்கீப்பிங். நான் மண்ணூர்க்காரி, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள். நீ சங்கரன்கோவில் பக்கமிருந்து புருஷனோடு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தவள். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பி.ஏ.வைத் தபால் வழியில் படித்துக்கொண்டிருந்தாய். எல்லாம் தேறிவிட்டது, அமெரிக்க வரலாறு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது.

"இந்த வயசுல எதுக்குடி உனக்கு இந்த ரோதன?" என்று கேட்டேன்.

"மக கல்யாணப் பத்திரிகைல அவ அப்பா பேருக்குப் பின்னால பி.எஸ்ஸினு வரும். என் பேரு மட்டும் மொட்டையா நிக்கணுமாக்கும்?"

உன் ஆசை அவ்வளவுதான்.

தனியாகப் படித்தால் ஏறவில்லை, யாருக்காவது சொன்னால் ஏறுகிறது என்று கண்டுபிடித்தாய். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நான் மாட்டினேன். கப்பலேறிப் போய் இறங்கியவர்கள், அங்கே முன்பே இருந்த ஜனங்களின் நிலத்தைப் பிடுங்கியது. கடல் தாண்டி இருந்த ராஜா வரி போட்டதும், தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டியது என்று போகும் உன் பாடம். நான் நடுவே என் சரக்கைச் சேர்ப்பேன். அந்த ராஜாவுக்கு ரெண்டு சம்சாரம் என்பேன்.

"ஏட்டி, இல்லாததச் சொல்லாத. பரீச்சைல அதையும் எழுதித் தொலைச்சிருவேன்" என்று தொடையில் கிள்ளுவாய்.

போகப் போக பஸ்ஸே கேட்க ஆரம்பித்தது. டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார். அடிமைகளை விடுவிப்பதில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டதைச் சொன்னபோது, "தெக்கத்தி ஆளுங்க எங்க போனாலும் வம்புதான்" என்று உன்னைச் சீண்டினேன். சண்டை முடிகிற சமயத்தில், அடிமைகளை விடுவித்த அந்த ஜனாதிபதியை நாடகக் கொட்டகையில் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றதை நீ சொன்ன காலையில், பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினோம். கேட்டில் செக்யூரிட்டி பதறிவிட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"பெரிய மனுஷன் ஒருத்தருங்க. பொண்டாட்டியோட நாடகம் பாக்கப் போனாரு, சுட்டுட்டானுங்க" என்றேன்.

"ஐயையோ, எந்த ஊரு?"

நீ துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஓடினாய். அவர் சூப்பர்வைசரிடம் போய், துக்கத்தோடு வந்திருக்கிறார்கள், இன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாராம். அந்த ஆள் அன்று பூரா ஒருத்தியையும் திட்டவில்லை.

அப்புறம் உலகச் சண்டை முடிந்து, காசு புழங்கி, சாமானியரும் கார் வாங்கிய கதைக்கு வந்தாய். "ஆளு நின்ன எடத்துல நிக்க, வண்டி நகரும்லா நம்ம லைன்ல? அது அங்க பொறந்ததுதான்" என்றாய். அதற்கடுத்து எல்லாம் ஒரேயடியாகச் சரிந்த கதை. பேங்குகள் மூடின, ஃபேக்டரி கேட்டுகள் பூட்டின, வேலை போனவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். பஸ்ஸில் முக்கால்வாசி கான்ட்ராக்ட் ஆட்கள்.

"மீதிய திங்கக்கெழம சொல்லுதேன்" என்று இறங்கிப் போனாய். திங்கட்கிழமை உன் சீட்டு காலி.

ரத்தத்தில் கோளாறு என்றார்கள். பரீட்சை நெருங்கும்போது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குப் பேச்சு வரவில்லை. என்னைச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினாய். கப்பலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை ராஜாவுக்கு ஒரே சம்சாரம்தான். தப்பினால் கட்டில் கம்பியை விரலால் தட்டினாய். கஞ்சி வரிசை வரை வந்து நின்றுவிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாய்.

"இதுக்கு மேல நீ சொல்லலியேடி" என்றேன்.

உன் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்; மூச்சுதான் வந்தது. பரீட்சைக்கு நீ இல்லை.

போன மாதம் உன் மகள் பத்திரிகை வைக்க வந்தாள். என் பையன் வாசித்தான். அவள் அப்பா பெயருக்குப் பின்னால் பட்டம். உன் பெயருக்கு முன்னால் தெய்வத்திருமதி, பின்னால் ஒன்றுமில்லை.

"பி.ஏ.னு போட்டுருக்கலாமேம்மா."

"அம்மா எழுதலயே பெரியம்மா. இல்லாததப் போட்டா அவங்களுக்கே பிடிக்காது."



ஆர்டர் இல்லையென்று, அந்த பஸ்ஸில் உன் கதை கேட்டவர்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அடுத்து நானாகவும் இருக்கலாம். இன்று சாயங்காலம் டிராஃபிக்கில் பஸ் நகராமல் நின்றது. டிரெய்னிப் பெண்களுக்கு உன் அமெரிக்காவைச் சொன்னேன், என் சரக்கு ஒரு சொட்டும் கலக்காமல். கஞ்சி வரிசை வரை வந்ததும், "அவங்கல்லாம் எப்டிக்கா மீண்டாங்க?" என்றாள் ஒருத்தி. தெரியாது என்றதும் போனை எடுத்தாள். அவள் கையைப் பிடித்துப் போனைக் கவிழ்த்துவிட்டேன்.

அதை நீ சொல்வதாக இருந்தாய். நீ வந்து சொல்கிற வரைக்கும் அந்த ஜனங்கள் எனக்குள் அந்த வரிசையிலேயே நிற்கட்டும்.