உறவு: அக்கா

6 ஏப்ரல் 2021, செவ்வாய். மண்டலே, பர்மா.

இன்று மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்தேன். மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் கண்ணாடித் திருகாணியை முடுக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். திறந்ததே பெரிது.

என் வீட்டுக்காரர் கோ டின் மௌங் போய்ப் பதினொரு நாள். சமையல் எண்ணெய் வாங்கப் போனவர். ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனது ஒரு தெரு தள்ளி. சிப்பாய்கள் அவர் போன தெருவிலும் சுட்டார்கள். அவருடைய போனிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, நான் ரிக்‌ஷா ஓட்டுறவன். கடைசி வரைக்கும் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தனியாப் போகலை. வீட்டுக்குக் கொண்டாந்துடறேன்."

முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தார். எத்தனையோ வீடுகளுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை, சிப்பாய்களே தூக்கிப் போய்விட்டார்கள். நான் என் மனிதரைக் குளிப்பாட்டினேன். துவைத்த லுங்கி கட்டிவிட்டேன்.

ஏழாம் நாள் துறவிகளுக்கு அன்னம் படைத்துப் புண்ணியத்தைப் பங்கிடும்போது அந்த ரிக்‌ஷாக்காரரையும் பெயர் சொல்லிச் சேர்க்க நினைத்தேன். பெயர் தெரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

9 ஏப்ரல்

சந்தை முனை ரிக்‌ஷா நிறுத்தத்தில் விசாரித்தேன். பிரம்புத் தொப்பிக்காரர் ஒருவர், "மாப்பிள்ளை பார்க்கவாக்கா? நான் இருக்கேனே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆனால் அவரும் பெயர் சொல்லவில்லை. நான் உளவு சொல்பவளாக இருக்கலாமே. அவர்கள்மேல் தப்பில்லை.

10 ஏப்ரல்

இன்றும் பெயர் கேட்டுப் போனேன். இல்லை.

17 ஏப்ரல். புத்தாண்டு.

இந்த வருஷம் தண்ணீர்த் திருவிழாவில் யாரும் யார்மேலும் தண்ணீர் ஊற்றவில்லை.

தொப்பிக்காரர் கடைக்கு வந்தார். கண் காட்ட வந்தவர்போல உட்கார்ந்து, மெல்லச் சொன்னார். என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்தவர் பெயர் பௌக் ஸா. உடலை வீட்டில் சேர்த்த மறுநாளே அவரைப் பிடித்துவிட்டார்களாம். ரிக்‌ஷா இருக்கையில் ரத்தம் காய்ந்திருந்தது, யாரோ காட்டிக்கொடுத்தார்கள்.

எங்க வீட்டு ரத்தம். என்னாலயா? ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கழுவி அனுப்பியிருக்கலாமே — அழுதுக்கிட்டே உட்கார்ந்துட்டேனே, பாவி —

அவருக்கு இங்கே சொந்தம் யாருமில்லை. சிறை வாசலுக்குப் பொட்டலம் கொண்டுபோக நண்பர்களுக்குத் தைரியமில்லை. போகிறவர் பெயரையும் எழுதிக்கொள்கிறார்களாம்.

18 ஏப்ரல்

நான் போகிறேன் என்றதும் கெய்ங் கத்தினாள். என் வீட்டுக்காரரின் தங்கை, என்னோடுதான் இருக்கிறாள்.

"அண்ணன் போனது போதாதா அண்ணி? நீங்களும் போயிட்டா நான் யார் முகத்தைப் பாக்கறது?"

"அந்த ஆள் கொண்டுவரலைன்னா உங்கண்ணன் முகத்தைப் பாத்திருப்பியா நீ?"

விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். சற்றுக் கழித்து அடுப்படியில் இடிக்கிற சத்தம். என்னைத் திட்டிக்கொண்டே கருவாட்டுப் பொடிக்குப் பூண்டு இடித்துக்கொண்டிருந்தாள். இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்?

20 ஏப்ரல்

சிறை வாசல். பௌக் ஸா பெயரைச் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"உறவு?"

"அக்கா."

"அப்பா பேர்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன். அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார். "இங்க வேற பேர் இருக்கே?"

"அம்மா ஒருத்திதான் ஐயா. அப்பாதான் வேற வேற."

"உங்கம்மா பலே ஆளுதான்!" வரிசையே சிரித்தது. சிரித்தபடி பொட்டலத்தை உள்ளே தள்ளினார்.

பின்னால் நின்ற பெண்மணி என் தோளை அழுத்தினார். "வாங்கிட்டாங்கன்னா ஆள் உசுரோட இருக்கான்னு அர்த்தம்மா." அவருடைய பொட்டலத்தை வாங்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அம்மா, ஒரே புருஷனோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவளே. மன்னிச்சுக்கோ. பேர் கெட்டாலும் இன்னிக்கு ஒரு உயிருக்குச் சோறு போட்டே.

4 மே, செவ்வாய்

இரண்டாவது பொட்டலமும் கொடுத்தாயிற்று. போன தடவைக்கான ரசீதுச் சீட்டைத் தந்தார்கள். கோணல்மாணலான கையெழுத்து:

"அக்காவுக்கு. எல்லாம் கிடைத்தது. உடம்பு தேவலை. காரம் பத்தலை. — தம்பி."

பேருந்தில் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை.

சீட்டைக் கெய்ங்கிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். பிறகு மிளகாய் டப்பாவை இறக்கினாள்.

"உங்க தம்பிக்கு எத்தனை போடட்டும்?"