அணையாத ஏர்பேக் விளக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனை விட்டுவிட்டு இதென்ன திடீரென்று கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் சொன்னால் நடுவில், "சிக்னல் சரியில்லம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்துப் பையில் போட்டாலும் மீதியில் என்ன எழுதியிருக்கிறாளோ என்று அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் வேலையெல்லாம் முடித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி, படித்த பிறகு சாப்பாடு இறங்குமோ இறங்காதோ.

இங்கே செய்திகள் நிறைய. ஒரு விடுதியின் எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை தைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க இடுப்பு மாட்டேன் என்கிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாடியில் குடியிருப்பவர் ஈரத்துணியை நம் வாசலில் சொட்டச் சொட்டக் காயப்போடுகிறார், கேட்டால் வாயாடி என்பார்கள் என்று அடக்கிக்கொண்டிருக்கிறேன், ரொம்ப நாளைக்கு அடங்காது. மருமகளுக்கு இருமல் என்றாயே, ஈரத்தலையோடு அவளை வெளியே போக விடாதே. அவளிடமாவது உண்மை பேசுகிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை, அது உங்கள் இருவர் பாடு. அப்புறம் நம் வண்டி. அதில் ஏர்பேக் விளக்கு எரிகிறது.

ஆமாம், அதேதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஒரு ஆள் மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் ஒரு சிவப்புப் படம் எரியுமே, அது. சாவியைத் திருப்பினால் கொஞ்சம் எரிந்து தானாக அணையும், அணைந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். இத்தனை வருஷமும் சமத்தாக அணைந்துகொண்டுதான் இருந்தது. போன மாதம் துணிக்கடைக்குப் போகிற வழியில் வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது, அதற்குப் பிறகு எரிந்தது அணையவே இல்லை. உடனே உன்னிடம்தான் போனில் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தாம்மா, ஒரு துண்டு கறுப்பு டேப்ப மேல ஒட்டிடு, எங்கயும் கொண்டுபோய்க் காட்டாத, பிரிச்சு மேஞ்சு கெடுத்துடுவானுங்க" என்றாய். என் பிள்ளைக்கு அவ்வளவு தூரத்தில் இருந்தும் என் மேல் என்ன அக்கறை என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டேப்பை வெட்டிக் கையில் எடுத்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தெருமுனையில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் ஒருவன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். தொண்டை எப்போதும் கரகரவென்று இருக்கும், ஆனால் வாய் ஓயாது, அதனால் எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முக்கால்வாசி வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் பிளக்தான் கழன்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தான். அங்கே என் குடையும் அப்பாவின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன, பிளக் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கருவியைக் கொண்டுவந்து டேஷ்போர்டுக்குக் கீழே செருகினான். ஓட்டுகிறவர் பக்கத்து ஏர்பேக்கில் தொடர்பு விட்டிருக்கிறது என்று அதைப் பார்த்துப் படித்தான். நம் வண்டிக்கு அந்தப் பக்கம் மட்டும்தானே பை. கருவியிலேயே ஏதோ அமுக்கி விளக்கை அணைத்தான், வண்டியை எடுத்ததும் திரும்பவும் எரிந்தது. ஸ்டீயரிங்குக்குள் சுருட்டி வைத்த பட்டை ஒயர் ஒன்று இருக்குமாம், அது அறுந்தால் பெரும்பாலும் ஹாரனும் சேர்ந்து போய்விடுமாம். அடித்துப் பார்த்தான், தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படியென்றால் உள்ளேதான் கோளாறு என்று பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, உடனே கை வைத்தால் பை முகத்தில் வெடிக்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சொல்லி, பொறுத்த நேரம் முழுக்கத் தன் மச்சானைத் திட்டித் தீர்த்தான். நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டீயரிங்கின் நடு மூடி வரவில்லை. "இது கம்பெனில பூட்டினது இல்லம்மா, பசை போட்டு ஒட்டியிருக்கு" என்றவன், ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பினான். உள்ளே பை இல்லை. பை இருக்க வேண்டிய இடத்தில் துணியைத் திணித்திருந்தார்கள். ஒயர் முனையில் அரிசி அளவுக்கு ஏதோ ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள், அதன் ஒரு கால் விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "ஏமாத்துற வேலைம்மா. பை உள்ளதான் இருக்குன்னு வண்டிய நம்ப வைக்கும், விளக்கும் அணைஞ்சிடும். பள்ளத்துல குலுங்கினதுல பத்தவெச்சது விட்டுப்போச்சு, இல்லேன்னா கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. வண்டி எப்பவோ நல்லா மோதி பை வெடிச்சிருக்கு, புதுசு போடாம துணிய அடைச்சு மூடிட்டானுங்க. முன்னாடி வெச்சிருந்தவன் உங்க தலையில கட்டிட்டான்" என்றான். இந்த வண்டியை நாம் புதிதாக வாங்கினோம் என்பதும், நம் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

துணியை உருவி, குப்பையில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தான். மாம்பழ மஞ்சள், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அடி மடிப்பின் மூலையில் நூலை உள்ளே இழுத்து முடிச்சுப் போடுவது நான் ஒருத்திதான், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எனக்குத் தெரியும். உன் அறை ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை. சலவையில் தொலைத்துவிட்டார்கள் என்றாய், அந்தச் சலவைக்காரரை நான் தெருவில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் மனிதர் அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. இப்போது கடிதத்தை மடித்துப் பையில் போடத் தோன்றும். மடிக்காதே, மேலே படி. பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது நானும் அப்பாவும் பஸ்ஸில் போய் அவளோடு இருந்துவிட்டு வந்தோமே, அப்போதுதானே மோதினாய்? திரும்பிய அன்று வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வந்து நின்றாய், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் அப்பாவிடம் முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்குப் போறதுக்கு முந்தி அப்பா கேட் தூண்ல வண்டிய இடிச்சிருக்காரும்மா, அவருக்கே தெரியல போல. பம்பர் போயிடுச்சு, நான் மாத்திட்டேன். நீ ஒண்ணும் கேட்டுடாத, பாவம் மனுஷன்" என்றாய். கேட்டுவிடாதே என்றால் அடுத்த வாய்ச் சோற்றுக்குள் கேட்டுவிடுவேன் என்று உனக்குத் தெரியாதா? பிறந்த நாளிலிருந்து என் நாக்கைப் பார்த்தவன், அதை வைத்தே உன் காரியத்தை முடித்துக்கொண்டாய். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்த் தூணைப் பார்த்தார். தூண் பெயர்ந்திருந்தது, பெயர்ந்த இடத்தில் நம் வண்டியின் பெயின்ட் அப்பியிருந்தது. சுத்தியலால் தட்டினாயா, கடப்பாரையா? பெயின்ட்டைத் தேய்க்கும்போது கை கூசவில்லையா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த ரேடியோ, முன்பக்க இரும்பு ஏதோ விளக்குக் கம்பத்தில் மோதி உள்ளே போயிருக்கிறது, பிறகு நிமிர்த்தியிருக்கிறார்கள், ஆள் மேல் மோதின அடி இல்லை என்றான். அந்த மட்டில் என் வயிற்றில் பால் வார்த்தாய், அதற்கு நன்றி.

உன் அப்பா வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்றார் என்று டெப்போவில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டி அனுப்பிய மனிதர். அவர் அன்று தூணருகே நின்று, "எனக்கு ஞாபகமே இல்லையே, சத்தம்கூட கேக்கலையே" என்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவர் தோளில் கை போட்டு, "விடுப்பா, வயசானா சகஜம்தான், இனிமே அம்மா ஓட்டட்டும்" என்றாய். மறுநாள் அப்பா என் தையல் கத்திரியை எடுத்துத் தன் லைசென்ஸை வெட்டிப் போட்டுவிட்டு, கத்திரியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். தூணைப் பூசிவிடலாம் என்றால் விடவில்லை, இருக்கட்டும், பார்த்தால் புத்தி வரும் என்றார். அடுப்பை அணைத்தேனா என்று அவர் கேட்டால், தூணை இடிச்சவர்தானே நீங்க என்பேன். கதவைப் பூட்டினேன் என்றால், தூணை இடிச்சதே தெரியாதவருக்குப் பூட்டினது எப்படித் தெரிஞ்சுது என்பேன். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார். பேசியது என் வாய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. வாராவாரம் போனில், "அப்பாவுக்கு மறதி எப்படிம்மா இருக்கு" என்று விசாரிப்பாயே, அந்த விசாரிப்புதான் எனக்குச் செரிக்கவில்லை. என்னை அந்த ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோதியிருந்தால் என் நெஞ்சு நான் தைத்த துணியில்தானே போய் விழுந்திருக்கும், தையல்காரிக்கு அது போதாதா.

இன்னொன்றை உன்னிடம் மறைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இப்போது நிஜமாகவே மறக்கிறது. தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொல்லிவிட்டார், மருந்து வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்தாதாம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், அப்பா விழித்தார். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார், அப்பா என் முகத்தைப் பார்த்தார். எப்போதிலிருந்து மறதி என்று கேட்டதும் மட்டும் டக்கென்று, "கேட் தூண்ல வண்டிய இடிச்சேனே, அன்னிலேர்ந்து" என்றார். நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடக்காத அது ஒன்று மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். அந்த அரிசியைத் திரும்பப் பற்றவைத்து விளக்கை அணைத்துக் கொடுக்கட்டுமா என்று ரேடியோ கேட்டான், கையை எடுடா என்றேன், அசல் பை வரும் வரை வண்டி அப்படியே நிற்கட்டும். பஸ்ஸில் அப்பாவுக்கு டிரைவருக்குப் பின் சீட்டுத்தான் வேண்டும். "கிளட்ச்ச இப்படியா மிதிப்பான்" என்று முனகிக்கொண்டே வருகிறார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் வலது கால் தானாகத் தரையை அமுக்குகிறது. அதைப் பார்க்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே திரைச்சீலையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க இடிக்கல, உங்க பிள்ளைதான் எங்கயோ இடிச்சான், தூணையும் அவனே உடைச்சு வெச்சான் என்றேன். கத்துவார், உன்னைத் திட்டுவார், குறைந்தது ஒரு பெருமூச்சாவது விடுவார் என்று காத்திருந்தேன். மனுஷன் முகம் வெளுத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு, "பை வெடிக்கிற அளவுக்கா மோதினான்? பிள்ளைக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டார். அவரை அறையலாம் போல் இருந்தது எனக்கு. மறுநாள் காலையில் டீயைக் கொண்டுபோனால், கேட் அருகே நின்று பெயர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "நான் இடிச்சதே எனக்குத் தெரியலையே" என்கிறார். திரும்பவும் உட்கார வைத்துச் சொன்னேன். திரும்பவும் முகம் வெளுத்தது, திரும்பவும் என் கையைப் பிடித்தார், பிள்ளைக்கு அடி பட்டுச்சா என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அதனால் இனி நான் சொல்லப்போவதில்லை, நீ சொல். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் போனை அவர் காதில் வைத்துவிடுவேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "நான்தாம்பா இடிச்சேன்" என்று உன் வாயால் சொல். சொல்லித் தொலைத்தாயிற்று, பாரம் இறங்கிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு அது மறந்திருக்கும், தூணைத் தடவிக்கொண்டு நிற்பார், நீ மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் உன்னை மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் மன்னித்தது அவருக்கு நினைவிருக்காது. அவர் இருக்கும் வரை ஒவ்வொரு வாரமும் சொல்வாய், ஒரு வாரம் தவறினாலும் இந்தத் துணியை மடித்து மருமகள் பெயருக்கு அனுப்பிவைப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, மருமகளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடு. நீ நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, முக்கியமாக நல்ல ஞாபகசக்தியோடு இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். அவர் எடுத்த எடுப்பில் அடி பட்டுச்சா என்றுதான் கேட்பார், பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள், இந்தத் தடவையாவது பொய் வேண்டாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா