நீலக் கேற் வீட்டுக்காரி

கண்டி,
12.09.2007

அன்பு மகள் குமாரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அப்பாவின் பிரஷர் குறைந்திருக்கிறது, என் முழங்கால் மழைக்கு மட்டும் முறைப்பாடு சொல்கிறது. மனம்தான் ஓரிடத்தில் இருக்க மறுக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, குளிருக்கு மூடிக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

மின்னஞ்சல் இருக்க அம்மா ஏன் பேனை பிடித்தா என்று யோசிப்பாய். சகீனாவின் கொமியூனிக்கேஷன் கடையில் கம்பியூட்டர்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி இருக்கின்றன, போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அதில்தான். ரெலிபோனிலும் நாங்கள் பேசும்போது நடுவில் ஒரு சத்தம் கேட்கிறது, அது லைன் பழுதா வேறு எதுவுமா என்று யார் கண்டது. அதனால்தான் போன கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பாதியில் வைத்தேன், கோபத்தில் இல்லை. இதைக் கனடா வருகிற ஒரு தெரிந்த பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விடயம் இணையத்தில் உன் கருத்துக்களத்தில் நீ ஜூலை மாதம் எழுதிய கட்டுரைதான். எண்பத்து மூன்று கலவரத்தில் பக்கத்து வீட்டுக் குசுமா, சிங்களப் பெண்ணாக இருந்தும், எங்களை ஒளித்து வைத்ததை நீ எழுதியிருப்பதாகச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சகீனா அதை எடுத்துக் காட்டினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பிழையில்லாத தமிழ், ஆறு வயதுப் பிள்ளை பார்த்தது அப்படியே வந்திருந்தது, கண் கலங்கிவிட்டது. சகீனா கலங்கவில்லை. அக்குறணைப் பிள்ளை அல்லவா, கடைத்தெருவில் வளர்ந்தவள், மனிதரை எடை போடத் தெரியும். அவள் திரையில் விரலை வைத்து, "டீச்சர், பேர் ஈக்கி, ரோட்டுப் பேர் ஈக்கி, கேட்டோட நெறம் வரைக்கும் ஈக்கி. இனி வீட்டுக்கு ஆள் வர என்னத்தக் குறை வெச்சீக்கி?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தமிழில் எழுதியதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசித்தார்கள். யாரோ உன் கட்டுரையை இங்கிலீஷில் மாற்றி வேறொரு தளத்தில் போட்டிருக்கிறார்கள், நீ போட்ட குசுமாவின் படத்தையும் சேர்த்து. அதற்குக் கீழே, இந்தக் கிழவி அன்றைக்குப் புலிக்குச் சோறு போட்டவள், இன்றைக்கு யாருக்குப் போடுகிறாளோ, தேடிப் பிடியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் குசுமாவின் தம்பி மகன் அதைக் கண்டு அவளுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, நீலக் கேற் உள்ள வீடு எது என்று வளைவுக் கடையில் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் ஓடிவந்து குசுமாவிடம் சொன்னார். அன்று பின்னேரமே அவள் ஒரு டின் மண்ணிறப் பெயின்ற் வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்த வயதில் குந்தியிருந்து கேற்றைப் பூசினாள். உதவிக்குப் போன அப்பாவைப் போகச் சொல்லிவிட்டாள், எங்களோடு நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். அன்றிலிருந்து எந்த மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பினாலும் அப்பா எழுந்து யன்னலைச் சாத்துகிறார், பிறகு திறக்கிறார், பிறகு சாத்துகிறார்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. "அம்மா, பேர் சொல்லாட்டி இஞ்ச சனம் கட்டுக்கதை எண்டு சிரிக்கும், சிங்களவர் எல்லாரும் ஒரே மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறவைக்கு ஒரு ஆளையாவது காட்ட வேணும்" என்று நீ சொன்னது நல்ல வாதம், வகுப்பில் சொல்லியிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். ஆனால் பிள்ளை, நீ காட்டிய ஆள் கனடாவில் இல்லை, எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தைப் பேசுவோம், அது அந்தப் பிள்ளைக்கு உதவி. அதையே காலைக் கூட்டத்தில் மைக்கில் சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் வராது. சொன்ன செய்தியும் ஒன்று, சொன்னவர் மனமும் நல்லது, ஆனாலும் இரண்டும் ஒன்றாகுமா? உங்கள் களத்தில் ஆயிரம் பேர் கூடி அன்பாகப் பேசுகிறீர்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் விசாரிக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. முகம் காணாமலே இவ்வளவு ஒட்டா என்று அப்பாவிடம் வியந்திருக்கிறேன். ஆனால் கதவு இல்லாத வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக் கதை பேசுகிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். வேலையும் வீட்டில், கூட்டமும் கம்பியூட்டரில், சாப்பிடும்போதும் அதுவே பக்கத்தில் என்று இருக்கிறாய். அங்கே உள்ளவர்கள்தான் உலகம் என்று தோன்றிவிடும், மகள். இங்கே சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

இன்னொன்றும் என்னைக் குடைகிறது. குசுமா அன்று என்ன செய்தாள்? ஆஸ்பத்திரி வளவு வேப்பமரத்தில் ஒரு கொப்பை முறித்துக் கேற்றில் கட்டினாள், முகமெல்லாம் கலமைன் மருந்து பூசிக்கொண்டு வெளியே வந்து நின்றாள், உள்ளே பிள்ளைக்கும் அம்மை, தெய்வத்தின் நோய் என்று சொன்னாள். தடியோடு வந்தவர்கள் கேற்றுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மாள் வருத்தத்துக்கு அவர்களும்தான் பயம், அதனால்தான் அந்தக் கொப்பு வேலை செய்தது. அதை நீ அழகாக எழுதிவிட்டாய், இங்கிலீஷிலும் வந்துவிட்டது. நாளைக்கு மறுபடி ஒரு நாள் அப்படி வந்தால், எந்தத் தெருவிலாவது ஒரு குசுமா வேப்பங்கொப்பைக் கட்டினால், வருகிறவன் கும்பிடுவானா, பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே வருவானா? படிக்கும்போதும் சமைக்கும்போதும் இதையே யோசித்து யோசித்து நேற்று பருப்பைக் கருக விட்டேன்.

நீ அந்தக் களத்தின் நிர்வாகிகளில் ஒருத்தி. பதிந்து ஒரு நாள் போனால் யாருடையதையும் மாற்றுவதில்லை என்பது சட்டம், எனக்கு மட்டும் எப்படி விலக்கு என்று கேட்கிறாய். நேர்மையான பேச்சு. என் வகுப்பில் நீ படித்தபோது உனக்கு ஒரு புள்ளி கூடப் போட்டவள் இல்லை நான். ஆனால் கரும்பலகையில் பிழையாக ஒன்று எழுதிவிட்டால், மணி அடித்துவிட்டது, இனித் துடைக்க மாட்டேன் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? சட்டத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிர்வாகி வேலையை விடு. பெயர், தெரு, படம் மூன்றும் முதலில் போக வேண்டும்.

அது போனாலும் மற்றவன் எடுத்தது போகாதே, அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் குசுமாவிடமே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஹேவாஹெட்ட தோட்டத்து டிஸ்பென்சரியில் நேர்ஸாக இருந்த காலத்துத் தமிழ் இன்னும் அவள் வாயில் அப்படியே இருக்கிறது. நான் சொல்லி முடிக்கவில்லை, "ஐயோ டீச்சர், இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டா வந்தீங்க? பேசாம என்னையச் சாகடிச்சிருங்க" என்றாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "செத்தவள யாரு தேடி வரப் போறா? கம்பியூட்டர்ல செத்தா பிக்குமாரக் கூப்பிட்டுப் பிரித் ஓத வேணாம், தானம் குடுக்க வேணாம். பாப்பாவ எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பிவிட்டாள். அப்பாவிடம் வந்து சொன்னேன். "உயிரோட இருக்கிற மனிசிக்கு மரண அறிவித்தலோ, உங்கள் ரெண்டு பேருக்கும் விசரோ" என்று சத்தம் போட்டார். பிறகு போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, "சரி, எழுதச் சொல்லும்" என்றார்.

நானும் முதலில் வேறு வழி யோசித்தேன். அந்த வீடு இன்னொரு தெருவில் என்று மாற்றி எழுதச் சொல்லலாமா என்று பார்த்தேன், அந்தத் தெருவிலும் ஒரு கிழவி இருப்பாளே. ஆகவே குசுமா சொன்னதுதான் சரி. நான் எழுதிய பெண்மணி சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார், வீடும் கை மாறிவிட்டது என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுது. பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பு வாங்கில் ஏற்றி நிற்க வைத்தவள் உன் அம்மா, இன்று உன்னைப் பொய் எழுதச் சொல்கிறேன், தெளிவான புத்தியோடுதான் சொல்கிறேன். உனக்கு இலகுவாக இருக்கட்டும் என்று முதல் வரியை நானே எழுதிப் பார்த்தேன். அவள் பெயரை எழுதி, அதற்கு முன்னால் போட வேண்டிய சொல்லைப் போடப் போகையில், மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் நாயைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. எழுத முடியவில்லை. அந்த வரியை நீதான் எழுத வேண்டும்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியையும் தீர்க்காயுளையும் தரட்டும். நீ நன்றி மறக்காத பிள்ளை, அதில் எங்களுக்கு ஒருநாளும் குறை இல்லை. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து எங்கும் போட்டுவிடாதே. எழுதி முடித்ததும் ரெலிபோனில், மழை பெய்தது என்று மட்டும் சொல், எனக்கு விளங்கும்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
அம்மா,
பத்மாதேவி நவரட்ணராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் குசுமா வந்தாள். உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், ஒரு விண்ணப்பமும் இருக்கிறதாம். நோயில் கிடந்தோ வேறு எதிலோ செத்ததாக எழுத வேண்டாமாம். தன் கட்டிலில், நித்திரையிலேயே போனதாக எழுதட்டுமாம். "இந்த நாட்டுல வேற யாருக்குக் கெடைக்குது டீச்சர்" என்று சிரிக்கிறாள். அப்படியே எழுது, மகள்.